யாருடைய வலது? உடற்கூறியல் கண்காட்சிக்கு வரும் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையில் ஆண்டுக்கு ஒருமுறை, மூன்று நாள், பள்ளி மாணவர்களுக்காகக் கண்காட்சி நடக்கும். காலை 9 மணிக்கே பள்ளி வாகனங்கள் வாசலில் வரிசை கட்டிவிடும். இந்த ஆண்டு இரண்டாம் நாள் மதியம், நெஞ்சறை உறுப்புகள் இருக்கும் மேசை அருகே பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி நோட்டில் படம் வரைந்துகொண்டிருந்தாள். நல்ல கை. நுரையீரலைக் கதுப்புகளாகப் பிரிக்கும் பிளவுகளைக்கூட மெல்லிய கோட்டில் சரியாகப் பிடித்திருந்தாள். படத்தின் கீழே பென்சிலில் எழுதியிருந்தாள்: "இடது நுரையீரல், மூன்று கதுப்புகள். வலது நுரையீரல், இரண்டு கதுப்புகள்."

அதே வரியை, அதே தவறோடு, நானும் பதினோராம் வகுப்பில் எழுதினேன். இதைப் போன்ற ஒரு கண்காட்சியில், இதைப் போன்ற ஒரு மேசை முன் நின்றுதான் எழுதினேன். அந்த ஒரு வரி எத்தனை ஆண்டுகள் என்னோடு வந்தது, எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைக் கீழே சொல்கிறேன்.

தொடாதீர்கள், சத்தம் போடாதீர்கள், வரிசையில் வாருங்கள் என்பதெல்லாம் வாசல் பலகையிலேயே இருக்கிறது. ஆசிரியர்களும் பஸ்ஸிலேயே சொல்லிவிடுகிறார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். யாரும் எடுத்துச் சொல்லாதவையும், ஆண்டுதோறும் என் கண் முன்னால் திரும்பத் திரும்ப நடப்பவையும் மட்டும் இங்கே.

## வெறும் வயிற்றோடு வருவது

"அங்கே போனால் குமட்டும், சாப்பிடாமல் போ" என்று வீட்டில் சொல்லி அனுப்புகிறார்கள். நடப்பது நேர்மாறு. பசியோடு, புழுக்கமான அறையில், அரை மணி நேரம் அசையாமல் நிற்கும் பிள்ளைதான் மயங்கி விழுகிறது. அதிர்ச்சியில் இதயத் துடிப்பு மெதுவாகிறது, ரத்தக் குழாய்கள் தளர்கின்றன, மூளைக்குப் போகும் ரத்தம் சில நொடிகள் குறைகிறது. அவ்வளவுதான். இதற்கும் தைரியத்துக்கும் தொடர்பில்லை. பின்னாளில் நல்ல அறுவை சிகிச்சை நிபுணர்களான சிலர் முதல் ஆண்டில் மயங்கி விழுந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டு வாருங்கள். கண் இருட்டினால் அந்த இடத்திலேயே தரையில் உட்காருங்கள். விழுந்த பிள்ளையைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைக்காதீர்கள். படுக்க வைத்துக் காலை உயர்த்திப் பிடியுங்கள்.

கண் எரிவது ஃபார்மலினால். ஃபார்மால்டிஹைடு வாயு கரைந்த நீர் அது. திசுக்களை அழுகாமல் இறுக்கி நிறுத்தும் அதன் குணத்தை 1893-இல் ஃபெர்டினாண்ட் ப்ளும் என்ற ஜெர்மானிய மருத்துவர் கண்டறிந்தார். உலகின் உடற்கூறியல் கூடங்கள் அதன் பிறகு மாறிப்போயின. ஆனால் அது சாதுவான பொருள் அல்ல. காண்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் அன்று கண்ணாடி அணிந்து வாருங்கள். ஆஸ்துமா இருந்தால் உள்ளே நுழையும் முன்பே ஆசிரியரிடம் சொல்லுங்கள். ஜாடியின் மூடி அருகே முகத்தைக் கொண்டுபோகாதீர்கள்.

## எல்லாவற்றையும் பார்த்துவிட நினைப்பது

ஐந்து உறுப்புகளைத் தேர்ந்தெடுங்கள். மீதியைக் கடந்து போங்கள்.

## உங்கள் வலதை அவருடைய வலதாக எழுதுவது

இதுதான் அந்த மாணவி செய்த தவறு. ஒவ்வொரு ஆண்டும் நோட்டுகளை எட்டிப் பார்க்கிறேன். ஒவ்வொரு ஆண்டும் இது இருக்கிறது. இத்தனை ஆண்டு பழகியும் எனக்கு இதில் எரிச்சல் குறையவில்லை, ஏனென்றால் ஒரே ஒரு கேள்வியில் தவிர்த்துவிடக்கூடிய தவறு இது.

நெஞ்சறை உறுப்புகள் அந்த மேசையில் முன்பக்கம் தெரியும்படி வைக்கப்பட்டிருக்கின்றன. அதாவது, அந்த உடலுக்கு உரியவர் உங்களை நேருக்கு நேர் பார்த்து நிற்பதுபோல. அப்படியானால் அவருடைய வலப்பக்கம் உங்கள் இடக்கைப் பக்கம் வருகிறது. மூன்று கதுப்புகள் கொண்ட வலது நுரையீரல் உங்கள் இடப்புறம் தெரியும். இரண்டு கதுப்புகள் கொண்ட இடது நுரையீரல், இதயத்துக்கு இடம் விட்டுக் குழிந்திருக்கும் ஓரத்தோடு, உங்கள் வலப்புறம் தெரியும். பார்ப்பவர் தன் கையைக் கொண்டு பக்கத்தைக் குறித்துக்கொண்டால் எல்லாம் தலைகீழ்.

ஏன் இவ்வளவு எளிதாக இந்தத் தவறு வருகிறது? நாம் கண்ணாடி பார்த்துப் பழகியவர்கள். கண்ணாடி முன் வலக்கையைத் தூக்கினால் நம் வலப்புறத்திலேயே கை உயர்கிறது. எதிரே தெரியும் உருவத்தின் பக்கமும் நம் பக்கமும் ஒன்றுதான் என்ற பழக்கம் குழந்தையிலிருந்தே படிந்துவிடுகிறது. ஜாடியில் இருப்பது கண்ணாடி உருவம் அல்ல. எதிரே இருப்பவர் இன்னொருவர்.

இதை மாணவர்களுக்குச் சொல்ல நான் கோயிலுக்குத்தான் போவேன். அர்த்தநாரீசுவரர் வடிவத்தில் உமையின் பாகம் எது என்று கேட்டால், எந்தப் பிள்ளையும் "இடப்பாகம்" என்று உடனே சொல்லும். அந்தப் பாகம் சன்னிதியில் நிற்கும் நமக்கு எந்தப் பக்கம் தெரிகிறது? நம் வலப்புறம். யாரும் அதைப் பார்த்து "வலப்பாகம்" என்று சொல்வதில்லை. நடராஜர் தூக்கிய திருவடி இடது என்பதிலும் யாருக்கும் குழப்பமில்லை. மதுரை வெள்ளியம்பலத்தில் மட்டும் கால் மாறி வலது திருவடியைத் தூக்கி ஆடுகிறார் என்பதையும் ஊரே அறியும். சன்னிதியில் நிற்கும்போது நம் மக்கள் பக்கத்தை எதிரே இருப்பவரிடமிருந்து எண்ணுகிறார்கள். உடற்கூறியலின் விதியும் அதுவேதான். உடல் எப்படிக் கிடந்தாலும், எப்படிக் கவிழ்ந்தாலும், அவர் நிமிர்ந்து நின்று, முன்னால் பார்த்து, உள்ளங்கைகளை முன்பக்கம் காட்டி நிற்பதாகவே கொள்ள வேண்டும். வலது என்றால் அவருடைய வலது. இடது என்றால் அவருடைய இடது.

என் கதைக்கு வருகிறேன். பதினோராம் வகுப்பில் நான் எழுதிய அந்த வரி பாடப்புத்தகத்தோடு முரண்பட்டது. புத்தகத்தில் "வலது நுரையீரலில் மூன்று கதுப்புகள்" என்று தெளிவாக இருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? தேர்வுக்குப் புத்தக வரியை மனப்பாடம் செய்தேன். மனதிலோ கண்ணால் பார்த்த படத்தை வைத்துக்கொண்டேன். இரண்டும் அருகருகே இருந்தன, ஒன்றை ஒன்று தொடாமல். நேரில் பார்த்தது அழியாது. கண்காட்சியின் பலமும் அதுதான், ஆபத்தும் அதுதான்.

மருத்துவக் கல்லூரி முதல் ஆண்டில் ஸ்பாட்டர் தேர்வு. மேசையில் உறுப்புகள் வரிசையாக இருக்கும். மணி அடிக்கும்போதெல்லாம் அடுத்ததற்கு நகர வேண்டும். ஆறாவதாக ஒரு நுரையீரல், "பக்கத்துடன் அடையாளம் காண்க" என்ற சீட்டோடு. கையில் எடுத்துப் பார்க்க நேரம் இல்லை. பழைய படம்தான் முன்னால் வந்தது. இடது என்று எழுதினேன். அடுத்த மேசையில் காறை எலும்பு, அதற்கும் பக்கம் தவறு. அதற்கடுத்து தொடை எலும்பு, அதுவும். வாய்மொழித் தேர்வில், "குழந்தை வேர்க்கடலையை மூச்சில் இழுத்துவிட்டால் அது பெரும்பாலும் எந்தப் பக்கம் போகும்?" என்று பேராசிரியர் கேட்டார். வலது என்றேன், வலது மூச்சுக்கிளைக்குழல் அகலமானது, குட்டையானது, செங்குத்தாக இறங்குவது என்று காரணமும் சொன்னேன். "இதில் காட்டு" என்று நுரையீரல்களோடு இருந்த மூச்சுக்குழலை முன்னால் வைத்தார். நான் இடது கிளைக்குள் விரலை வைத்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் மதிப்பெண் தாளைத் திருப்பி வைத்தார். அந்தப் பருவத்தில் தேறவில்லை.

தேர்வு போனால் திரும்ப எழுதலாம். அதோடு நின்றிருந்தால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன்.

பயிற்சி மருத்துவராக இருந்தபோது ஓர் இரவு, விபத்துப் பிரிவுக்கு இருசக்கர வாகனத்தில் அடிபட்ட இளைஞர் ஒருவர் வந்தார். மூச்சுத் திணறல். எக்ஸ்ரே படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டினேன். ஒரு பக்கம் நுரையீரல் சுருங்கி, அதைச் சுற்றிக் காற்று நிரம்பியிருந்தது. எனக்கு வலப்புறம் தெரிந்தது. கேஸ் ஷீட்டில் "வலது" என்று எழுதினேன். அந்தக் காற்றை வெளியேற்ற விலா எலும்புகளுக்கு இடையே குழாய் செருக வேண்டும். தட்டு தயாராகிவிட்டது. மூத்த செவிலியர் ஒருவர் தாளையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "யாருடைய வலது, டாக்டர்?"

படத்தின் மூலையில் ஈய எழுத்து பக்கத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. எக்ஸ்ரேவும் நோயாளி நம்மைப் பார்த்து நிற்பதுபோலத்தான் மாட்டப்படுகிறது. மூத்த மருத்துவர் வந்து ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். மூச்சுச் சத்தம் இல்லாதது இடப்பக்கத்தில். குழாய் சரியான பக்கத்தில் போனது, இளைஞர் பிழைத்தார். அந்தச் செவிலியர் கேட்டிருக்காவிட்டால், நன்றாக இயங்கிக்கொண்டிருந்த ஒரே நுரையீரலின் பக்கம் துளை போட்டிருப்போம்.

அறுவை சிகிச்சையில் பக்கம் மாறுவது உலகெங்கும் நடக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில், கத்தி வைக்கும் முன் இடத்தைக் குறித்தாயிற்றா என்று எல்லோரும் உறுதி செய்ய வேண்டும் என்பதும் ஒன்று. அந்தப் பழக்கத்தின் முதல் பாடம் பதினாறு வயதில், ஒரு கண்காட்சி மேசை முன் தொடங்க முடியும்.

என்ன செய்யலாம் என்று கேட்டால், முதலில் வரையாதீர்கள். எந்த உறுப்பின் முன் நின்றாலும், "இவருடைய வலது எது?" என்று கேட்டுவிட்டுப் பிறகு பென்சிலை எடுங்கள். குழப்பமாக இருந்தால் மேசைக்கு முதுகு காட்டித் திரும்பி நில்லுங்கள். இப்போது நீங்களும் அவரும் ஒரே திசையைப் பார்க்கிறீர்கள். உங்கள் வலக்கையை நெஞ்சில் வையுங்கள். அந்தப் பக்கம்தான் அவருக்கும் வலது. வெட்கமாக இருக்கும், பரவாயில்லை. அந்த மாணவியையும் அப்படித்தான் திருப்பி நிறுத்தினேன். நெஞ்சில் கை வைத்த கணமே அவளுக்குப் புரிந்துவிட்டது. நோட்டில் இரண்டு சொற்களை அழித்தாள்.

முழு உடல் மல்லாந்து கிடக்கும் மேசையில் இன்னும் கவனம் வேண்டும். கால்மாட்டில் நின்று பார்த்தால் பக்கங்கள் மாறித் தெரியும். தலைமாட்டில் நின்று கால் நோக்கிப் பார்த்தால், உங்கள் வலதும் அவருடைய வலதும் ஒரே பக்கம் வரும். கூட்டம் மேசையைச் சுற்றி நகரும்போது, கால்மாட்டில் தொடங்கிய படத்தைத் தலைமாட்டில் முடிக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அந்தப் படத்தில் கல்லீரல் ஒருவருடையது, மண்ணீரல் இன்னொருவருடையது என்பதுபோல ஆகிவிடும். சி.டி. ஸ்கேன் படங்கள் மாட்டியிருந்தால், அவை கால்மாட்டிலிருந்து பார்ப்பதாக வைத்துக்கொள்ளப்பட்டவை. படத்தில் கல்லீரல் உங்கள் இடப்புறம் தெரியும்.

தனி உறுப்பு ஜாடியில் இருந்தால் உறுப்பையே கேளுங்கள், அது பொய் சொல்லாது. நெடுக்காக வெட்டிய இதயத்தில் தடித்த சுவர் எந்தப் பக்கமோ அது இடது வெண்ட்ரிக்கிள், அதாவது இதயத்தின் இடது கீழறை. உடல் முழுவதற்கும் ரத்தத்தைத் தள்ளும் அந்தச் சுவர், நுரையீரலுக்கு மட்டும் தள்ளும் வலது சுவரைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு தடிமன். கல்லீரலும் பித்தப்பையும் வலப்பக்கம். இரைப்பையின் பெரும்பகுதியும் மண்ணீரலும் இடப்பக்கம். எலும்பைக் கையில் கொடுத்தால் உங்கள் உடம்பின் மேல் அது இருக்கும் இடத்தில் வைத்துப் பாருங்கள். தொடை எலும்பின் உருண்டைத் தலை மேலே, உடலின் நடுவை நோக்கி. சொரசொரப்பான நீள வரம்பு பின்பக்கம். அப்படி வைக்கும்போது எந்தக் காலில் பொருந்துகிறதோ அந்தக் கால்தான்.

கண்காட்சி நடத்தும் எங்கள் மீதும் குறை உண்டு. பெரும்பாலான சீட்டுகளில் "நுரையீரல்" என்று மட்டும் எழுதிவிடுகிறோம். வழிகாட்டும் மாணவர்கள் "இந்தப் பக்கம், அந்தப் பக்கம்" என்று விரலைக் காட்டிச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். மறுநாள் காலை நானே பசையும் தாளும் எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு உறுப்பின் அருகிலும் "வ", "இ" என்று ஒட்டினேன்.

## லேபிளை முதலில் படிப்பது

பார்த்த பிறகு படியுங்கள். படித்த பிறகு பார்த்தால், எழுதியிருப்பது மட்டுமே தெரியும்.

## நிறத்தை நம்புவது

சிவப்புக் குழாய் தமனி, நீலக் குழாய் சிரை. சரி, ஆனால் அந்தச் சிவப்பும் நீலமும் நாங்கள் பூசியவை, அல்லது குழாய்க்குள் செலுத்திய சாயம். உடலில் சிரை நீலமாக இருப்பதில்லை. அதில் ஓடுவது கருஞ்சிவப்பு ரத்தம். தமனி என்பது இதயத்திலிருந்து ரத்தத்தை எடுத்துச் செல்லும் குழாய், நிறம் எதுவானாலும். நுரையீரல் தமனியில் நீலம் பூசியிருப்பதைப் பார்த்து, "மேடம், தப்பாகப் பூசியிருக்கிறீர்கள்" என்று ஒரு மாணவன் சொன்னான். அவன் கேட்டது எனக்கு மகிழ்ச்சி. இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவு என்பதால் அந்தத் தமனிக்கு மட்டும் நீலம் என்று சொன்னேன். பத்து நிமிடம் அங்கேயே நின்றான்.

ஃபார்மலினில் கிடந்த எல்லா உறுப்பும் வெளிறிய பழுப்பாகிவிடும். உயிருள்ள நுரையீரல் பஞ்சுபோல் மென்மையானது, இளஞ்சிவப்பு கலந்தது. மூளை கெட்டித் தயிர்போலத் தளர்வானது. ஜாடியில் ரப்பர்போல் இறுகி நிற்பது ஃபார்மலினின் வேலை.

இன்னொன்று. நுரையீரலில் கரும்புள்ளிகளைக் கண்டதும் "சிகரெட் குடித்தவர்" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். சிகரெட் நுரையீரலைக் கெடுக்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கருமை கரித்துகள் படிந்தது. நகரப் புகையிலும் அது வரும், விறகடுப்பிலும் வரும். நாற்பது ஆண்டுகள் விறகை ஊதி வீட்டுக்கே சமைத்துப்போட்ட ஒரு பாட்டியின் நுரையீரலும் அப்படித்தான் இருக்கும். அவரைப் பார்த்து, "எவ்வளவு சிகரெட் குடித்திருப்பார்!" என்று சொல்வது என்னால் தாங்க முடியாத ஒன்று.

## ஜாடி காட்டும் அளவை எழுதிக்கொள்வது

பெட்டிக்கடையில் உருண்டைக் கண்ணாடி ஜாடியில் உப்புநீரில் ஊறும் நெல்லிக்காயை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது, கையில் எடுத்தால் எவ்வளவு சிறியது. திரவம் நிரம்பிய உருளை ஜாடி லென்ஸ்போல வேலை செய்து பக்கவாட்டில் பெருக்கிக் காட்டும். நீளம் மாறாது, அகலம் மாறும். சதுரமான பெட்டிகளில் இந்தத் தொல்லை குறைவு. அளவு வேண்டுமென்றால் வழிகாட்டியிடம் கேளுங்கள்: பெரியவர்களின் இதயம் சுமார் 300 கிராம், கல்லீரல் சுமார் ஒன்றரை கிலோ, மூளை 1.3 முதல் 1.4 கிலோ.

## ஓர் உடலைப் பார்த்து எல்லா உடலையும் முடிவு செய்வது

பாடப்புத்தகப் படத்தில் ஒரு சிறுநீரகத்துக்கு ஒரு தமனி. எங்கள் மேசையில் இருந்த சிறுநீரகத்துக்கு இரண்டு. "இது நோயா?" என்று கேட்டார்கள். நோயில்லை. ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குக் கூடுதல் தமனி இருக்கிறது. குடல்வால் சிலருக்குக் கீழே தொங்கும், பலருக்குப் பெருங்குடலின் பின்னால் ஒளிந்திருக்கும். ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒருவருக்கு நெஞ்சிலும் வயிற்றிலும் உள்ள உறுப்புகள் எல்லாமே பக்கம் மாறி, கண்ணாடியில் பார்ப்பதுபோல அமைந்திருக்கும். அவர்களில் பலர் நலமாக வாழ்ந்து முடிக்கிறார்கள்.

புத்தகத்தை நம்பிக் கண்ணைக் கைவிட்டதால் மருத்துவம் நெடுங்காலம் தடுமாறியிருக்கிறது. பண்டைய கிரேக்க மருத்துவர் கேலன் விலங்குகளை அறுத்துப் பார்த்து எழுதியதை வைத்து, மனிதனின் கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் சொல்லிவந்தார்கள். 16-ஆம் நூற்றாண்டில் வெசாலியஸ் என்ற உடற்கூறியல் அறிஞர் மனித உடலைத் தன் கையால் அறுத்துப் பார்த்து ஒரே எலும்பு என்று காட்டினார். புத்தகத்தில் இருப்பது ஒன்று, ஜாடியில் இருப்பது வேறு என்றால், ஜாடியில் இருப்பதை அப்படியே வரைந்து, அருகில் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொண்டு போங்கள். ஆனால் பக்கத்தைச் சரிபார்த்த பிறகு.

## கருக்கள் இருக்கும் அலமாரி முன் சிரிப்பது

கூட்டம் எப்போதும் அங்கேதான் நெருக்கும். சிரிப்பும் அங்கேதான் கேட்கும். மண்டையோட்டின் மேற்பகுதி உருவாகாத ஒரு சிசு அங்கே இருக்கிறது. அதைப் பார்த்து விலங்கின் பெயர் சொல்வார்கள். அந்த நேரத்தில் நான் அந்த இடத்தை விட்டு நகர்வதில்லை.

அது ஒரு தாய் சுமந்த பிள்ளை. கரு உருவான நான்கு வாரத்துக்குள், மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் நரம்புக்குழல் மூடிக்கொள்ள வேண்டும். தலைப்பக்கம் மூடாமல் போனால் இப்படி ஆகும். பல பெண்களுக்குத் தாங்கள் கருவுற்றிருப்பதே தெரியாத நாட்கள் அவை. கருவுறுவதற்கு முன்பிருந்தே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொண்டால் இந்தக் குறை வரும் வாய்ப்பு பெருமளவு குறைகிறது. பள்ளியில் வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரையிலும் அந்த ஃபோலிக் அமிலம் இருக்கிறது. அந்த மாத்திரையை ஜன்னல் வழியே எறிந்துவிட்டு வந்த மாணவிகளிடம் இந்த அலமாரி முன் நின்று பேசியிருக்கிறேன். யாரும் சிரிக்கவில்லை.

## செல்போன்

பையிலேயே இருக்கட்டும்.

## இது நிஜமா என்று கேட்காமல் போவது

சிலர் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள், சிலர் எல்லாவற்றையும் நிஜம் என்று. கேளுங்கள். மெழுகிலும் பிளாஸ்டிக்கிலும் செய்த மாதிரிகள் உண்டு. ஃபார்மலினில் வைத்த உண்மையான உறுப்புகள் உண்டு. ஈரமே இல்லாமல், மணமும் இல்லாமல், கையில் பிடிக்கும்படி இருக்கும் உண்மையான உறுப்புகளும் உண்டு. அவற்றில் நீரையும் கொழுப்பையும் அசிட்டோனால் வெளியேற்றி, அந்த இடத்தில் சிலிக்கோன் போன்ற பொருளை வெற்றிட அறையில் வைத்து உள்ளே இழுக்கச் செய்கிறார்கள். ஜெர்மனியின் ஹைடெல்பெர்க்கில் குந்தர் ஃபான் ஹாகென்ஸ் 1977-இல் உருவாக்கிய முறை அது.

நிஜம் என்று தெரிந்தால் அடுத்த கேள்வி தானாக வரும்: இவர் எப்படி இங்கே வந்தார்? அதையும் கேளுங்கள். உரிமை கோர யாரும் வராமல், சட்டப்படி கல்லூரிக்கு வந்தவர்கள் பலர். தமிழ்நாட்டில் இதற்கு 1951-ஆம் ஆண்டின் உடற்கூறியல் சட்டம் இருக்கிறது. விரும்பி உடலைத் தந்தவர்கள் இப்போது பெருகிவருகிறார்கள். மேற்கு வங்க முன்னாள் முதல்வர் ஜோதிபாசுவின் உடல் 2010-இல் மருத்துவக் கல்விக்குத் தரப்பட்டது. சென்னையில் பிறந்த மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் சீதாராம் யெச்சூரியின் உடல் 2024-இல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனைக்குத் தரப்பட்டது. 1836-இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பண்டிட் மதுசூதன் குப்தா, சாதிக் கட்டுப்பாட்டை மீறி மனித உடலை அறுக்கக் கத்தி எடுத்தார். அந்த நாட்டில் இன்று குடும்பங்கள் தாங்களாகவே முன்வந்து உடலை ஒப்படைத்து, கைகூப்பி வணங்கிவிட்டுப் போகின்றன. எங்கள் துறைக்கு அப்படி வந்த ஒரு முதியவரின் மகன், கையெழுத்துப் போட்டுவிட்டு, "அப்பா பள்ளி ஆசிரியர். இன்னும் கொஞ்ச காலம் பாடம் நடத்தட்டும்" என்றார்.

உயிரியல் வகுப்பின் மூலையில் தொங்கும் எலும்புக்கூட்டையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பழையதாக இருந்தால் அது நிஜமாகவே இருக்கலாம். மனித எலும்புக்கூடுகளை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்வதை இந்தியா 1985-இல் தடை செய்தது. அதுவரை உலகின் பல மருத்துவக் கல்லூரிகளில் தொங்கியவை நம் நாட்டவரின் எலும்புகள்.

## மறுநாள் எழுதிக்கொள்ளலாம் என்று நினைப்பது

வீட்டுக்குப் போனதும், நோட்டைத் திறக்காமல், தேர்ந்தெடுத்த ஐந்து உறுப்புகளையும் நினைவிலிருந்து வரையுங்கள். எது வரவில்லையோ அதை நீங்கள் பார்க்கவில்லை என்று பொருள். முன்பக்கத் தோற்றமாக வரைகிறீர்கள் என்றால், ஒரு கோடு போடுவதற்கு முன்பே தாளின் இடது ஓரத்தில் "வ" என்று எழுதிவிடுங்கள்.